மாறுபடு கருத்தும் மன்ற நடுவரும்

விருப்பத்தால் மனிதர் கூடும் இடங்களில் பூசல் எழாது என்று எண்ணுதல் பிழை. தொழிலின் பொருட்டுக் கூடுவோர் ஊதியத்தைக் கருதியேனும் பொறுமை காப்பர். விருப்பத்தால் கூடுவோர்க்கு அக்கட்டுப்பாடு இல்லை. மனம் கசந்தால் மறுவாரம் வாரார். குறள் வகுப்பு, இலக்கிய வட்டம், கல்வெட்டுக் காணச் செல்லும் குழு முதலியவை பொருட்குறைவால் நலிவதைவிட, ஒரு மாலைப் பொழுதில் எழுந்த ஒரு சுடுசொல்லால் சிதைவதே மிகுதி. இத்தகைய மன்றங்களில் கருத்து மாறுபாடு எழும்போது நடுவர் இருக்கையில் அமர்பவர் செய்யத்தக்கது யாது என்பதை இப்பாடத்தில் காண்போம். ஆசிரியப் பயிற்சியில் நான் கற்றனவும், பல்லாண்டு வகுப்பறையில் நின்று தெளிந்தனவும், நம் முன்னோர் நூல்களில் கண்டனவும் இதற்கு அடிப்படையாகும்.

நம் வண்ணாரப்பேட்டையைச் சூழ்ந்த பகுதிகளில் கேரம் ஆட்டத்திற்குப் பெரும் செல்வாக்கு உண்டு. புது வண்ணாரப்பேட்டைப் பெண்மணி காசிமா 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றதை அனைவரும் அறிவர். கேரம் பலகையின்முன் அமரும் இருவர் எத்துணை வேகமாக மோதினும் பகை வளர்வதில்லை. அடிக்கும் வில்லை குழிக்குள் விழுந்தால் ஒரு காயைத் திரும்ப வைக்க வேண்டும் என்பது இருவரும் ஆட்டத்திற்கு முன்பே ஏற்றுக்கொண்ட விதி. காயைத் திரும்ப வைப்பவர் அதனால் தம் மானம் போயிற்று என்று கருதுவதில்லை.

கருத்தாடும் மன்றத்தில் அத்தகைய விதிநூல் இல்லை. அங்கே ஒருவர் தம் கூற்றைத் திரும்பப் பெறுவது தோல்வி என்றும், மற்றவர் மறுத்துரைப்பது இகழ்ச்சி என்றும் கொள்ளப்படுகின்றது. விதியில்லாத இடத்தில் விதியாக நிற்க வேண்டியவரே நடுவர்.

நடுவர் என்பவர் யார்?

கருத்துப் போருக்கு ஒரு மண்டபம் அமைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. மகத நாட்டு மன்னன் சோழன் கரிகாலனுக்குப் பட்டிமண்டபம் ஒன்றை அளித்த செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், வாதம் செய்ய வல்லோர் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுக என்கின்றான். அதே அறிவிப்பில், பகைவரோடு கூடச் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுக என்றும் கூறுகின்றான். வாதம் செய்க என்ற அழைப்பும் செற்றம் கொள்ளற்க என்ற ஆணையும் ஒரே வாயிலிருந்து வருவதை நோக்குக. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதுதான் நடுவர் பணி. வாதத்தைத் தடுத்தால் மன்றம் உறங்கிவிடும். செற்றத்தைத் தடுக்காவிட்டால் மன்றம் எரிந்துவிடும்.

அண்மைக் காலத்தில் இம்மரபிற்குப் புத்துயிர் அளித்தவர் சா. கணேசன். அவர் 1939இல் காரைக்குடியில் தோற்றுவித்த கம்பன் கழகத்தின் மேடைகளில் பட்டிமண்டபம் மக்கள் விரும்பும் கலையாக வளர்ந்தது. அங்கு நடுவர் இறுதியில் தீர்ப்பு உரைப்பார். ஆயினும் பட்டிமண்டபத்தில் பேசுவோர் தமக்கு ஒதுக்கப்பட்ட அணிக்காகப் பேசுகின்றனர். நம் சிறு மன்றங்களிலோ ஒவ்வொருவரும் தாம் மெய்யாகவே நம்புவதைப் பேசுகின்றனர். ஒதுக்கப்பட்ட அணி தோற்றால் எவர்க்கும் வலி இல்லை. நெஞ்சார நம்பியது தோற்றது என்று அறிவிக்கப்பட்டால் வலி உண்டு. ஆகவே மேடை நடுவரைப் போலத் தீர்ப்பு வழங்குதல் நம் மன்ற நடுவருக்குப் பொருந்தாது.

1943ஆம் ஆண்டின் பாடம்

வண்ணாரப்பேட்டைக்குத் தெற்கே, உயர்நீதிமன்றத்தை அடுத்து அந்நாளில் இயங்கிய சென்னைச் சட்டக்கல்லூரியின் மண்டபத்தில் 9-2-1943 அன்று ஒரு சொற்போர் நிகழ்ந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா என்பதே பொருள். கொளுத்த வேண்டும் என்று வாதிட்டவர் சி.என். அண்ணாதுரை. மறுத்து நின்றவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளை. தலைமை வகித்தவர் இந்து சமய அறநிலைய நிர்வாகத்தில் பொறுப்பு வகித்த சி.எம். இராமச்சந்திரன் செட்டியார். அடுத்த மாதம் 14ஆம் நாள் சேலத்தில் அதே பொருள்பற்றி நாவலர் சோமசுந்தர பாரதியாருடன் மீண்டும் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. இச்சொற்போர்களில் அண்ணாதுரை ஆற்றிய உரைகள் பின்னர் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாயின.

இந்நிகழ்ச்சியிலிருந்து நடுவர் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தலைமை வகித்தவரின் நிலை. திருக்கோயில் நிர்வாகத்தோடு தொடர்புடைய ஒருவர், பெரியபுராணத்தைக் கொளுத்துக என்பாரை அமர்ந்து கேட்டார். நடுநிலை என்பது தமக்குக் கருத்தே இல்லாதிருத்தல் அன்று. கருத்துடையவரும் அவ்விருக்கையில் அமரலாம். அமர்ந்திருக்கும் பொழுதுவரை தம் கருத்தை இருக்கைக்கு வெளியே நிறுத்திவைத்தல் வேண்டும். நடுநிலை இருக்கைக்கு உரியது.

இரண்டாவது, காலம் காட்டிய பாடம். 25 ஆண்டுகள் கழித்து 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அப்போது கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் கம்பர் சிலையும் ஒன்று. அன்று முதலமைச்சராக இருந்தவர் அதே அண்ணாதுரை. அவர் கருத்து மாறிற்றா, அல்லது கம்பரின் தமிழ் வேறு, காப்பியம் பரப்பும் கொள்கை வேறு என்று முன்னரே பிரித்து நோக்கினாரா என்பதை ஆராய்தல் நம் பாடமன்று. ஒருவர் ஒரு மேடையில், ஒரு நாளில், ஒரு நோக்கில் கூறியது அவருடைய முழு உள்ளமும் ஆகாது என்பதே நமக்கு வேண்டிய பாடம். இதை மறப்பவர்கள்தாம் ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் அதைச் சொன்னவர்க்கு ஒரு பட்டம் கட்டி, அவரை மன்றத்தை விட்டே துரத்திவிடுகின்றனர்.

நான்கு வினாக்கள்

இவ்விடத்தில் நம் சமயத் தருக்கம் துணைக்கு வருகின்றது. சியாத்வாதத்தை ஏழு வாக்கியங்களாக மனப்பாடம் செய்திருப்போர் நம்மிடையே பலர். அதனை அன்றாட உரையாடலில் கருவியாகப் பயன்படுத்துவோர் சிலரே. ஒரு பொருள் உண்டு என்பதும் இல்லை என்பதும் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் சார்ந்தே சொல்லப்படும் என்பது நம் ஆசாரியர்கள் கண்ட நெறி. அவற்றை எளிய தமிழில் பொருள், இடம், காலம், தன்மை எனலாம். மண்குடம் மண்ணாக உண்டு, பொன்னாக இல்லை. இவ்வறையில் உண்டு, அடுத்த அறையில் இல்லை. இன்று உண்டு, வனைவதற்கு முன் இல்லை. சிவப்பாக உண்டு, கருப்பாக இல்லை. உண்டு என்றவரும் இல்லை என்றவரும் இவற்றுள் எதனைக் கருதினார் என்று கேளாதவரை அவர்களுடைய வழக்கு முடியாது.

நடுவர் இந்நான்கையும் நான்கு வினாக்களாக மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் எதனைப் பற்றிக் கூறுகின்றீர்கள்? எவ்விடத்து வழக்கைக் கருதுகின்றீர்கள்? எக்காலத்தைக் குறிக்கின்றீர்கள்? இதை ஆராய்ச்சி முடிவாகக் கூறுகின்றீர்களா, நம்பிக்கையாகவா, விருப்பமாகவா? இவ்வினாக்களைக் கடுமையின்றி, இரு தரப்பாரிடத்தும் ஒரே குரலில் கேட்டல் வேண்டும். வினாவுக்கு விடை தேடுகின்ற நேரத்தில் பேசுபவருடைய சினமும் சற்றுத் தணியும். இது வகுப்பறையில் பன்முறை கண்ட உண்மை.

ஓர் எச்சரிக்கையும் இங்கு வேண்டும். அநேகாந்தம் என்றால் யார் எதைச் சொன்னாலும் சரி என்று தலையசைப்பது என்று பலர் கருதுகின்றனர். அஃது அநேகாந்தம் ஆகாது. பரிமேலழகர் வள்ளுவரோடு ஒரே காலத்தில் வாழ்ந்தார் என்று ஒருவர் சொன்னால், எந்த நோக்கிலும் அது மெய்யாகாது. நடுவர் அதைப் பணிவாகத் திருத்திவிட்டு மேலே செல்ல வேண்டும். செய்திப் பிழையைத் திருத்துதலும் கருத்து வேற்றுமையைப் பேணுதலும் வேறு வேறு பணிகள். முன்னதில் தயக்கமும் பின்னதில் அவசரமும் கூடா.

குறள் வகுப்பில் ஓர் எடுத்துக்காட்டு

நம் குடும்பத்தார் பலர் பல சமயத்தாரும் கலந்துள்ள குறள் வகுப்புகளுக்குச் செல்கின்றனர். வள்ளுவர் எச்சமயத்தார் என்ற வினா அங்கே எழாத ஆண்டில்லை. அவ்வினா எழும்போது நம்மவர் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எண்ணிக்கையிற் சிறியவராகிய நாம் எதற்குப் பேச வேண்டும் என்று வாய்மூடியிருத்தல், அல்லது சினந்து எழுந்து போதல். இரண்டினாலும் இழப்பு நமக்கே. உடன் வந்த பிள்ளைகள் நம் மரபுக்குச் சான்று எதுவும் இல்லை போலும் என்று எண்ணிவிடுகின்றனர். மன்றத்தாரோ அறிய வேண்டிய ஒரு தரப்பை அறியாமலேயே போகின்றனர்.

ஒருவர் “வள்ளுவர் சமணர்” என்கின்றார். மற்றொருவர் “குறள் எல்லாச் சமயத்துக்கும் பொது” என்கின்றார். இவை ஒன்றையொன்று மறுப்பனபோல் ஒலிக்கின்றன. முதல் வினாவைக் கேட்டுப் பாருங்கள். முன்னவர் நூலாசிரியரைப் பற்றிப் பேசுகின்றார். பின்னவர் நூலின் பயனைப் பற்றிப் பேசுகின்றார். ஒரு சமயத்தைச் சார்ந்தவர் எல்லோர்க்கும் பொதுவான நூலை எழுதலாகாதா? பாதிச் சண்டை இங்கேயே அடங்கிவிடும்.

எஞ்சிய பாதிக்குச் சான்றுகளை முறைப்படுத்த வேண்டும். வள்ளுவரைக் குந்தகுந்தராகிய ஏலாசாரியரோடு ஒன்றாகக் கருதுவது நம் மரபு. வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் அவர் திருவடிகளை இன்றும் வழிபடுகின்றோம். நீலகேசிக்கு உரை கண்ட சமயதிவாகர வாமன முனிவர் குறளை ‘எம்மோத்து’ என்று, அதாவது எம் மறை என்று, சுட்டுகின்றார். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இச்சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். கவிராஜ பண்டிதருடைய உரையையும் பதிப்பித்தார். மறுபுறம், 1886இல் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப், மயிலாப்பூரில் கிறித்தவப் போதனைகள் வள்ளுவர் செவிக்கு எட்டியிருக்கலாம் எனக் கருதினார். 1949இல் பெரியார் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டி, அதனைப் பகுத்தறிவுக்கு இசைந்த தமிழர் நூலாகப் போற்றினார். சைவரும் வைணவரும் தத்தம் நூல்களோடு ஒப்பிட்டு உரைப்பர். குறளின் 1330 பாக்களுள் ஆசிரியர் தம் பெயரையோ சமயத்தையோ வெளிப்படக் கூறவில்லை.

நடுவர் இவற்றையெல்லாம் ஒரு பலகையில் இரு நிரல்களாக எழுதச் செய்தல் நன்று. ஒரு நிரலில் நூலுக்குள்ளிருந்து காட்டப்படும் சான்று. மறு நிரலில் மரபும் பிற்காலத்தார் கூற்றும். எது எங்கே நிற்கின்றது என்று கண்ணாரக் கண்டபின் குரல் உயர்வதில்லை. “வள்ளுவர் சமணர்” என்றவர், “நம் மரபும் இன்னின்ன சான்றும் வள்ளுவரைச் சமணராகக் காட்டுகின்றன” என்று தம் கூற்றை இன்னும் உறுதியான வடிவில் சொல்லக் கற்றுக்கொள்கின்றார். இதனால் அவர் கொள்கை தேய்வதில்லை. அது சான்றோடு கூடி நிற்கின்றது.

பிறர் கோளைப் பழுதின்றிக் கூறல்

இக்குறள் ஆராய்ச்சியிலேயே சிறந்ததொரு முன்மாதிரியும் உள்ளது. கடவுள் வாழ்த்தில் வரும் ‘எண்குணத்தான்’ என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் சைவாகமம் கூறும் எட்டுக் குணங்களை எடுத்துரைத்தார். வைணவர் எனக் கருதப்படும் அவர் சைவ நூலைச் சான்றாகக் கொண்டது ஒரு பெருமை. அத்துடன் நில்லாது, எல்லையற்ற அறிவு முதலாகிய எட்டு என்று பொருள் கொள்வாரும் உண்டு என்று குறித்துச் சென்றார். அஃது அருகனுக்கும் சித்தருக்கும் நம்மவர் கூறும் பொருள். தாம் ஏற்காத உரையையும் தம் உரையிலே இடம் தந்து வைத்தமையால், நம் பொருள் அவர் நூலைக் கற்போர் அனைவர்க்கும் இன்றுவரை தெரிகின்றது.

நம் நூலாகிய நீலகேசி இவ்வறத்தைப் பேரளவில் செய்துள்ளது. பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோருடன் நீலகேசி வாதிட்டு வெல்கின்றாள். வெல்லுமுன் எதிரியின் கொள்கையைக் கேட்கின்றாள். பௌத்த காப்பியமாகிய குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் பலவற்றின் தொடக்கச் சொற்களை நாம் இன்று அறிவது, அதனை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையால் ஆகும். எதிரியின் சொல்லை அவர் சொன்னவாறே எடுத்துவைத்து மறுத்த நேர்மையால், அழிந்த நூலின் சுவடு நிலைத்தது.

ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பிறர் கருத்தைக் கையாளும் ஏழு வகைகளை ‘மதம்’ என்ற பெயரால் தொகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கருத்தோடு கலவாது தன் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை. பேசுபவர் இவ்வேழனுள் எதனைச் செய்கின்றார் என்று நடுவர் மனத்திற்குள் குறித்துக்கொண்டே வரலாம். பிறர் நூலில் குற்றம் காட்டலுக்கு இவ்வேழனுள் இடமுண்டு. பிறரைக் குற்றம் சாட்டலுக்கு இடமில்லை. அந்த எல்லையைத் தாண்டியவுடன் நடுவர் மணியை அடிக்கலாம்.

நடுவர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பொருளை ஒரு வினாவாக எழுதிப் பலகையில் வைக்க. “வள்ளுவர்” என்பது தலைப்பு, “வள்ளுவர் சமயம் பற்றி நூலுக்குள் என்ன சான்று உண்டு?” என்பது வினா. தலைப்பு சண்டைக்கு இழுக்கும். வினா தேடலுக்கு இழுக்கும்.

2. நேரத்தை முன்னரே பங்கிடுக. வயதில் மூத்தவர், நன்கொடையாளர் என்பதற்காக ஒருவருக்கு மிகுதியாகத் தரலாகாது. பெண்டிரும் இளையோரும் பேச முன்வரும்வரை இரண்டாம் முறை எவர்க்கும் வாய்ப்பளிக்க வேண்டா.

3. மறுப்பவர் முதலில் எதிர்த்தரப்பின் கருத்தைத் தம் சொற்களில் கூறட்டும். எதிர்த்தரப்பினர் “ஆம், அதைத்தான் சொன்னேன்” என்றபின் மறுப்பைத் தொடங்கட்டும். எல்லா விதிகளிலும் இதுவே தலையாயது.

4. ஆளைச் சுட்டும் சொல் எழுந்தால் உடனே நிறுத்துக. சாதியையும் ஊரையும் குடும்பத்தையும் இழுப்பவரை அவை நடுவே நெடுநேரம் கண்டித்தல் வேண்டா. ஒரு வாக்கியம் போதும். எஞ்சியதைப் பின்னர்த் தனியே அழைத்துப் பேசுக. அவை நடுவே நாணமுற்றவர் திருந்துவதினும் பகைத்தல் மிகுதி.

5. நடுவர் தம் கருத்தைச் சொல்ல விரும்பினால், இருக்கையை வேறொருவரிடம் ஒப்படைத்து, அவையில் இறங்கி நின்று பேசுக. இருக்கையிலிருந்தபடி ஒரு பக்கம் சாய்ந்து பேசுதல் தராசுத் தட்டில் விரல் வைப்பது போன்றது.

6. வாக்கெடுப்பு வேண்டா. கை தூக்கியோர் தொகையால் வரலாற்று உண்மை துணியப்படாது. சிறுபான்மையினராகிய நாம் இதை மறவோம். நாம் பெரும்பான்மையாக அமரும் மன்றத்திலும் மறத்தலாகாது.

7. முடிவில் மூன்று வாக்கியங்கள் கூறுக: எதில் உடன்பட்டோம், எதில் மாறுபட்டோம், எதை மேலும் படிக்க வேண்டும். தீர்ப்புக்கு மாறாக இத்தொகுப்புரை அமைந்தால், தோற்றவர் என்று எவரும் வீடு திரும்பார்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு பொருள் மன்றத்தைப் பிளந்துவிடும் என்று தோன்றினால், அதைச் சில வாரங்களுக்கு ஒத்திவைத்தல் தவறன்று. ஒத்திவைக்கும்போது மீண்டும் எடுக்கும் நாளையும் சொல்லிவிடுக. நாள் குறிக்காத ஒத்திவைப்பு வாய்ப்பூட்டாகவே கொள்ளப்படும்.

பயிற்சி வினாக்கள்

வீட்டில் உணவுக்குப்பின் பெரியோரும் பிள்ளைகளும் சேர்ந்து இவற்றை விடுவிக்கலாம்.

அ. நீங்கள் உறுதியாக நம்பும் ஒரு கூற்றை எழுதுக. அதனைப் பொருள், இடம், காலம், தன்மை என்னும் நான்கினாலும் வரையறுத்து மீண்டும் எழுதுக. எது மாறிற்று? எது மாறவில்லை?

ஆ. வள்ளுவர் சமயம் பற்றி நம் மரபுக்கு மாறான ஒரு கருத்தை, அதைக் கொண்டவர் கேட்டால் மகிழுமாறு ஐந்து வாக்கியங்களில் கூறுக. பின்னர் நம் மரபின் சான்றுகளை ஐந்து வாக்கியங்களில் கூறுக.

இ. வீட்டில் நிகழ்ந்த ஓர் அண்மைய வாக்குவாதத்தில், ஒவ்வொருவரும் நன்னூலின் ஏழு மதங்களுள் எவற்றைக் கையாண்டனர் எனக் காண்க.

இரண்டாம் வினா பிள்ளைகளைவிடப் பெரியோர்க்குக் கடினமாக இருக்கும். அதை முதலில் தாத்தாவும் பாட்டியும் செய்து காட்டினால், பிள்ளைகள் தாமே தொடர்வர். நம் கொள்கையை உரத்துக் கூறவும் பிறர் கொள்கையை ஒழுங்காகக் கேட்கவும் ஒருங்கே கற்ற பிள்ளை, எந்த மன்றத்திலும் எழுந்து ஓட வேண்டியதில்லை. அழைத்தால் நடுவர் இருக்கையிலும் அமரலாம்.